விதிக்குள் நின்றும் தோற்கலாம்

கிரிக்கெட்டின் விதிப்புத்தகத்தில் ஓட்டை தேடியவர்கள், விதி இருந்தும் வேண்டாம் என்றவர்கள்: ஒரு சிறப்புப் பார்வை

1979 மே 24, வியாழக்கிழமை. இங்கிலாந்தின் வூஸ்டர் மைதானம். முதல் நாள் பெய்த மழையால் தள்ளிப்போன பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பை ஆட்டம். ஒவ்வோர் அணிக்கும் 55 ஓவர். சாமர்செட் முதலில் பேட் செய்ய இறங்கியது. வூஸ்டர்ஷயர் அணியின் வான்பர்ன் ஹோல்டர் ஒரே ஒரு ஓவர் வீசினார். அதில் ஒரு நோ-பால். ஸ்கோர் போர்டில் ஒரு ரன். அத்தோடு சாமர்செட் கேப்டன் பிரையன் ரோஸ் இன்னிங்ஸை டிக்ளேர் செய்துவிட்டார்!

வூஸ்டர்ஷயர் பத்துப் பந்தில் இரண்டு ரன் எடுத்தது. ஆட்டம் முடிந்தது. இரண்டு அணிக்கும் சேர்த்து வீசப்பட்ட பந்துகள் மொத்தம் 17. டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எதற்காக வலியப் போய்த் தோற்றார் ரோஸ்? அது லீக் சுற்றின் கடைசி ஆட்டம். முந்தைய ஆட்டங்களை எல்லாம் சாமர்செட் வென்றிருந்தது. புள்ளிகள் சமமானால், எந்த அணி குறைவான பந்துகளில் விக்கெட் வீழ்த்தியிருக்கிறது என்று பார்த்துக் காலிறுதிக்கு அனுப்புவார்கள். முழுதாக ஆடித் தோற்றால் அந்தக் கணக்கு கெட்டுப்போகலாம். ஆடாமலே தோற்றால் கெடாது. இதற்கு விதியில் தடை உண்டா என்று தேடிப் பார்த்து, இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகே ரோஸ் இதைச் செய்தார்.

அடுத்த சில நாட்களில் இங்கிலாந்தின் கிரிக்கெட் வாரியம் கூடியது. வாக்கெடுப்பில் 17-க்கு 1 என்ற கணக்கில் சாமர்செட் போட்டியை விட்டே வெளியேற்றப்பட்டது. எந்த விதியையும் மீறாத ஓர் அணிக்குக் கிடைத்த தண்டனை இது. அணியில் இருந்தவர்கள் யார் தெரியுமா? விவியன் ரிச்சர்ட்ஸ், இயன் போத்தம். ஜோயல் கார்னரும் அந்த சாமர்செட்டின் ஆள்தான். அதே ஆண்டு செப்டம்பரில், அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு கோப்பைகளை அவர்கள் வென்றார்கள். திறமைக்குக் குறைவே இல்லாத அணிக்கு இந்தக் குறுக்குவழி தேவையே இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

விதியை மீறுவது ஒன்று. விதியில் இருக்கும் ஓட்டைக்குள் நுழைவது வேறொன்று. 2018-இல் கேப் டவுனில் உப்புத்தாளை ஒளித்துவைத்துப் பந்தைத் தேய்த்தார்களே, அது மீறல். ஸ்டீவ் ஸ்மித்துக்கும் டேவிட் வார்னருக்கும் ஓராண்டுத் தடை, கேமரன் பேன்கிராஃப்டுக்கு ஒன்பது மாதத் தடை என்று கணக்கு முடிந்தது. சிக்கல் இரண்டாவதில்தான் இருக்கிறது. விதி அனுமதிக்கிறது, ஆனால் பார்த்தவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. எது புத்திசாலித்தனம், எது அற்பத்தனம்? கிரிக்கெட் உலகம் இரண்டரை நூற்றாண்டாக இதைப் பேசிக்கொண்டிருக்கிறது. விடை அத்தனை கடினமானது அல்ல. எதிராளிக்கு ஆடுவதற்கு இடம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாலே பாதி வழக்குகள் தீர்ந்துவிடும்.

ஓட்டையை அடைத்தே தடித்த புத்தகம்

1771-இல் இங்கிலாந்தின் செர்ட்ஸி அணிக்காக ஆடிய தாமஸ் ஒயிட், ஸ்டம்புகளின் அகலத்துக்கு ஒரு மட்டையைச் செய்துகொண்டு வந்து நின்றார். மட்டை இத்தனை அகலம்தான் இருக்கலாம் என்று அதுவரை யாரும் எழுதிவைத்திருக்கவில்லை. எதிரணியான ஹாம்பிள்டன் ஆட்டக்காரர்கள் முறையிட, நாலேகால் அங்குலம் என்று எல்லை வகுத்தார்கள். விராட் கோலியின் மட்டையும் அந்த எல்லைக்குள்தான் இருந்தது.

1979 டிசம்பரில் பெர்த் டெஸ்ட்டில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கினார். பந்து சேதமாகிறது என்று இங்கிலாந்து கேப்டன் மைக் பிரியர்லி ஆட்சேபித்தார். வாக்குவாதம் நீண்டது. கடைசியில் லில்லி மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு மர மட்டையை எடுத்துக்கொண்டார். மட்டை மரத்தால்தான் ஆகியிருக்க வேண்டும் என்ற வரி அதன் பிறகே விதியில் ஏறியது.

அதே பிரியர்லி அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு சிட்னியில் என்ன செய்தார்? கடைசிப் பந்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு மூன்று ரன் வேண்டும். விக்கெட் கீப்பர் உட்பட அத்தனை பேரையும் பவுண்டரி எல்லைக்கு அனுப்பிவிட்டார்! இங்கிலாந்து வென்றது. ஃபீல்டர்கள் இத்தனை பேர் வட்டத்துக்குள் நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அடுத்த பருவத்திலேயே ஆஸ்திரேலியாவின் ஒருநாள் ஆட்டங்களுக்கு வந்தது. அன்று எல்லைக் கோட்டில் போய் நின்ற கீப்பரின் பெயர் டேவிட் பேர்ஸ்டோ. அவர் மகன் ஜானி பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் அதை எழுத வைத்த ஒரு ஆள் இருக்கிறார். எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து எழுதிவிட எந்தக் குழுவாலும் முடியாது. எழுதாமல் விட்ட இடத்தில் ஆட்டக்காரரின் மனசாட்சிக்குத்தான் வேலை. மனசாட்சி வேலை செய்யாத இடத்தில், அடுத்த ஆண்டு ஒரு புது வரி சேர்கிறது.

உருண்டு வந்த கடைசிப் பந்து

1981 பிப்ரவரி 1, மெல்பர்ன். உலகத் தொடர் கோப்பையின் மூன்றாவது இறுதி ஆட்டம். ஆஸ்திரேலியா 235. நியூசிலாந்து 229-க்கு 8. மிச்சம் ஒரே பந்து. சிக்ஸர் அடித்தால்கூட நியூசிலாந்து வெல்லாது, ஆட்டம் சமன் மட்டுமே ஆகும். எதிரில் நின்றவர் பத்தாவது ஆட்டக்காரரான பிரையன் மெக்கெச்னி. அந்தப் பெரிய மைதானத்தில் அவர் முதல் பந்திலேயே சிக்ஸர் அடிக்கும் வாய்ப்பு மிகமிகச் சிறியது.

அந்தச் சிறிய வாய்ப்பையும் விட்டுவைக்க கிரெக் சாப்பலுக்கு மனம் வரவில்லை. தன் தம்பி டிரெவரிடம் பந்தைத் தரையில் உருட்டிவிடச் சொன்னார். அம்பயருக்கும் பேட்டருக்கும் முறைப்படி தெரிவிக்கப்பட்டது. ஸ்டம்புக்குப் பின்னால் இருந்து விக்கெட் கீப்பர் ராட் மார்ஷ் வேண்டாம் என்று தலையசைத்தார். பந்து உருண்டு வந்தது. மெக்கெச்னி அதைத் தடுத்துவிட்டு மட்டையை வீசி எறிந்தார். மறுமுனையில் 102 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றிருந்தார் புரூஸ் எட்கர். அந்தச் சதத்தை இன்று யாரும் பேசுவதில்லை. அந்த ஒரு பந்து அதையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

நியூசிலாந்துப் பிரதமர் ராபர்ட் மல்டூன் அதைக் கோழைத்தனம் என்றார். ஆஸ்திரேலியப் பிரதமர் மால்கம் ஃபிரேசரும் தன் நாட்டு அணியின் பக்கம் நிற்கவில்லை. தொலைக்காட்சியில் முன்னாள் ஆஸ்திரேலியக் கேப்டன் ரிச்சி பெனோ கடுமையாகக் கண்டித்தார். இப்படி உருட்டிவிடும் அண்டர்ஆர்ம் பந்து விரைவிலேயே ஒருநாள் ஆட்டங்களில் தடை செய்யப்பட்டது.

இங்கே ஒளிவுமறைவு எதுவும் இல்லை. எல்லாம் சொல்லிவிட்டே நடந்தது. வெளிப்படையாகச் செய்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் மெல்பர்னைப் பார்க்க வேண்டும். தரையில் உருண்டு வரும் பந்தை உலகின் எந்த பேட்டராலும் சிக்ஸருக்கு அனுப்ப முடியாது. தோற்கவும் உரிமை உண்டு, முயன்று பார்க்கவும் உரிமை உண்டு என்பதுதான் களத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் நாம் தரும் வாக்கு. சாப்பல் அந்த வாக்கைப் பறித்தார்.

2010 ஆகஸ்டில் இலங்கையின் தம்புள்ளையில் இதன் சிறிய வடிவத்தைப் பார்த்தோம். இந்தியாவின் வெற்றிக்கு ஒரு ரன் வேண்டும். வீரேந்திர சேவாக் 99-இல் நிற்கிறார். சுராஜ் ரந்திவ் கிரீஸை வெகுவாகத் தாண்டி வந்து நோ-பால் வீசினார். சேவாக் அடித்த பந்து எல்லைக்கு மேலே பறந்தது. நோ-பால் ரன்னிலேயே ஆட்டம் முடிந்துவிட்டதால் அந்த சிக்ஸர் கணக்கில் ஏறவில்லை, சதமும் இல்லை. ஆனால் அடுத்து நடந்ததைப் பாராட்டியே ஆக வேண்டும். இலங்கை கிரிக்கெட் வாரியமே விசாரித்து ரந்திவுக்கு ஓர் ஆட்டத் தடையும் அபராதமும் விதித்தது. அதில் பங்கிருந்த திலகரத்ன தில்ஷானுக்கும் அபராதம். வீட்டுப் பிள்ளையை வீடே கண்டித்தது. இதைத்தான் எல்லா வாரியங்களும் செய்ய வேண்டும்.

உடலைக் குறிவைத்தபோது

ஓட்டைகளில் எல்லாம் ஆபத்தானது 1932-33-இல் வெளிப்பட்டது. டான் பிராட்மேனைக் கட்டுப்படுத்த வழி தேடிய இங்கிலாந்து கேப்டன் டக்ளஸ் ஜார்டின், ஹெரால்டு லார்வுட்டைக் கொண்டு பேட்டரின் உடலைக் குறிவைத்து வேகப்பந்து வீசவைத்தார். லெக் பக்கத்தில் ஃபீல்டர்கள் வளையமாக நின்றார்கள். ஹெல்மெட் இல்லாத காலம். அடிலெய்டில் ஆஸ்திரேலியக் கேப்டன் பில் வுட்ஃபுல்லுக்கு நெஞ்சில் அடி. பெர்ட் ஓல்ட்ஃபீல்டுக்கு மண்டையோட்டில் விரிசல். இரு நாட்டு வாரியங்களுக்கு இடையே தந்திகள் பறந்தன. இங்கிலாந்து தொடரை 4-1 என்று வென்றது.

அந்தத் தொடரில் நினைவில் வைக்க வேண்டியவர் இன்னொருவர். அதே அணியின் வேகப்பந்து வீச்சாளர் கப்பி ஆலன். அப்படி வீச முடியாது என்று கேப்டனிடமே மறுத்துவிட்டார். அணியில் இருந்து அவர் நீக்கப்படவும் இல்லை, அவர் பந்துவீச்சு சோடைபோகவும் இல்லை. இறுதியில் பழி முழுவதும் லார்வுட் தலையில் விழுந்தது. மன்னிப்புக் கேட்க மறுத்த அந்தச் சுரங்கத் தொழிலாளி மீண்டும் இங்கிலாந்துக்கு ஆடவே இல்லை. திட்டம் வகுத்த கேப்டனுக்கு அடுத்த தொடரிலும் கேப்டன் பதவி கிடைத்தது. ஓட்டையைக் காட்டுபவர் ஒருவர், அதில் விழுபவர் வேறொருவர் என்பது இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. தம்பி டிரெவர் சாப்பலும் அண்ணன் சொன்னதைத்தான் செய்தார். உலகம் இன்றும் அவரை அந்த ஒரு பந்துக்காக மட்டுமே நினைக்கிறது.

அஸ்வின் செய்தது ஓட்டையா?

2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். ஐ.பி.எல். ஆட்டம். பஞ்சாப் கேப்டன் ரவிச்சந்திரன் அஸ்வின் பந்து வீச ஓடிவருகிறார். மறுமுனையில் இருந்த ராஜஸ்தானின் ஜோஸ் பட்லர், 69 ரன்னோடு, கிரீஸை விட்டு வெளியே நகர்கிறார். அஸ்வின் நின்று பெயில்ஸைத் தட்டிவிட்டார். மூன்றாவது அம்பயர் அவுட் கொடுத்தார். 185 ரன் இலக்கைத் துரத்தி வலுவாக இருந்த ராஜஸ்தான் 14 ரன்னில் தோற்றது. அன்றிரவு தொடங்கிய வசை பல மாதம் ஓயவில்லை.

விதிகளைக் காக்கும் எம்.சி.சி. முதலில் விதிப்படி சரியே என்ற தொனியில் பேசியது. சில நாட்களில், அஸ்வின் தாமதித்ததால் அது ஆட்டத்தின் உணர்வுக்கு ஏற்றதல்ல என்றது. காவலரே குழம்பினால் களத்தில் நிற்பவர் என்ன செய்வார்?

இந்த வகை அவுட்டுக்கு வினு மன்கட் பெயரை ஒட்டவைத்தது 1947 டிசம்பர் சிட்னி டெஸ்ட். அங்கே அவர் பில் பிரவுனை இப்படி ரன் அவுட் செய்தார். அதற்கு முன்பே அதே சுற்றுப்பயணத்தில் இன்னோர் ஆட்டத்தில் பிரவுனை எச்சரித்து, பிறகு அவுட்டும் ஆக்கியிருந்தார். பாதிக்கப்பட்ட அணியின் கேப்டன் பிராட்மேனே மன்கட்டின் பக்கம்தான் பேசினார். ஆனாலும் இந்தியா தந்த தலைசிறந்த ஆல்ரவுண்டர்களில் ஒருவரின் பெயர் பல பத்தாண்டுகள் ஒரு வசைச்சொல்லாகவே புழங்கியது. சுனில் கவாஸ்கர் அதை எதிர்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது நம் கேள்வியைப் போட்டுப் பார்ப்போம். மறுமுனையில் நிற்பவருக்கு ஆட இடம் இருந்ததா? தாராளமாக இருந்தது. பந்து கையை விட்டுப் போகும்வரை கிரீஸுக்குள் நின்றால் போதும், யாராலும் அவரைத் தொட முடியாது. ரன் அவுட்டுகள் சென்டிமீட்டரில் முடிவாகும் காலம் இது. ஒரு மீட்டர் முன்னால் நகர்பவர், தான் ஓட வேண்டிய தூரத்தைக் களவாடுகிறார். இந்த விவகாரத்தில் ஓட்டைக்குள் நுழைபவர் பேட்டர். அதை அடைப்பவர் பந்துவீச்சாளர். எழுபது ஆண்டுகளாகப் பழியை நாம் தவறான ஆளின் மேல் போட்டுவந்தோம்.

எச்சரித்திருக்க வேண்டாமா என்பார்கள். இதே பட்லரை 2014-இல் பர்மிங்காமில் இலங்கையின் சசித்ர சேனநாயக்க எச்சரித்த பிறகே இப்படி அவுட் ஆக்கினார். அப்போதும் பழி இலங்கைமீதுதான் விழுந்தது. 2022 செப்டம்பரில் லார்ட்ஸில் தீப்தி சர்மா, 47 ரன்னில் இருந்த சார்லி டீனை ரன் அவுட் செய்து இந்தியப் பெண்கள் அணிக்கு 16 ரன் வெற்றி தேடித் தந்தார். ஜூலன் கோஸ்வாமியின் கடைசி சர்வதேச ஆட்டம் அது. அந்த மகத்தான வீராங்கனையின் விடைபெறலைப் பேச வேண்டிய நேரத்தில், தீப்தியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள்.

அடுத்த வாரமே, அக்டோபர் 1 முதல், இந்த அவுட் 'நியாயமற்ற ஆட்டம்' என்ற பிரிவில் இருந்து எடுக்கப்பட்டு 'ரன் அவுட்' பிரிவுக்குள் வைக்கப்பட்டது. சென்னைக்காரர் ஒருவர் தனியாக நின்று வசை வாங்கியதற்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. பந்துவீச்சாளருக்கும் மானம் உண்டு என்று சொல்ல அஸ்வின் ஒருபோதும் தயங்கியதில்லை.

'ஸ்பிரிட்' யாருக்குச் சொந்தம்?

2000-ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தின் முகப்பில் ஆட்டத்தின் உணர்வு பற்றிய முன்னுரை சேர்ந்தது. அதற்குக் காரணமானவர்கள் டெட் டெக்ஸ்டரும் காலின் கவுட்ரியும். கவுட்ரி நம் உதகமண்டலத்தில் பிறந்தவர். 1957-இல் பர்மிங்காமில் அவரும் பீட்டர் மேயும் சேர்ந்து 411 ரன் குவித்தார்கள். வெஸ்ட் இண்டீஸின் சோனி ராமாதீன் ஒரே இன்னிங்ஸில் 98 ஓவர் வீசினார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பேடில் பட்டால் எல்.பி.டபிள்யூ. கிடையாது என்ற அன்றைய விதியைப் பயன்படுத்தி, அவர் சுழற்பந்துகளைக் காலாலேயே தடுத்துத் தள்ளினார்கள். ஷாட் ஆட முயலாமல் காலை நீட்டினால் அவுட் ஆகலாம் என்ற திருத்தம் பிற்பாடு வந்தது. நல்ல மனிதரும் விதி விட்ட இடைவெளியில் நின்றிருக்கிறார். அதனால்தான் உணர்வைப் பற்றி எழுதினால் மட்டும் போதாது, விதியையும் தெளிவாக எழுத வேண்டும் என்கிறோம்.

1882-க்குப் போவோம். ஓவல் மைதானம். ஆஸ்திரேலியாவின் இளைஞர் சாமி ஜோன்ஸ் ஒரு ரன்னை முடித்துவிட்டு, பிட்ச்சைத் தட்டிச் சமன் செய்ய கிரீஸை விட்டு வெளியே போனார். இங்கிலாந்தின் டபிள்யூ.ஜி. கிரேஸ் பெயில்ஸைத் தட்டி அவுட் கேட்டார். கொடுத்தார்கள். கொதித்துப்போன ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் ஃபிரெட் ஸ்பாஃபோர்த் 44 ரன்னுக்கு ஏழு விக்கெட் எடுக்க, 85 ரன்னைத் துரத்திய இங்கிலாந்து 77-இல் சுருண்டது. இரு நாட்டு டெஸ்ட் தொடர்களுக்கான ஆஷஸ் என்ற பெயரே அந்தத் தோல்வியில்தான் பிறந்தது.

2006 டிசம்பரில் கிறைஸ்ட்சர்ச்சில் குமார் சங்கக்கார சதம் அடித்தார். ரன்னை முடித்த முத்தையா முரளிதரன் அவரைக் கட்டிக்கொள்ள நடந்தார். பந்து வந்து சேர்ந்தது. நியூசிலாந்துக் கீப்பர் பிரெண்டன் மெக்கல்லம் பெயில்ஸைத் தட்டிவிட்டார். பத்து ஆண்டு கழித்து, கவுட்ரி பெயரிலான சொற்பொழிவில் மெக்கல்லம் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். 2023 ஜூலையில் லார்ட்ஸ் டெஸ்ட்டின் கடைசி நாள். ஜானி பேர்ஸ்டோ பவுன்சருக்குக் குனிந்துவிட்டு, ஓவர் முடிந்தது என்று எண்ணி கிரீஸை விட்டு நடந்தார். ஆஸ்திரேலியக் கீப்பர் அலெக்ஸ் கேரி பந்தை எறிந்து ஸ்டம்பைத் தட்டினார். ஆஸ்திரேலியா 43 ரன்னில் வென்றது. லார்ட்ஸ் பெவிலியனின் லாங் ரூமில் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்களிடம் முறைதவறி நடந்த எம்.சி.சி. உறுப்பினர்கள் மூவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இரு நாட்டுப் பிரதமர்களும் கருத்துச் சொன்னார்கள். அன்று இங்கிலாந்தின் பயிற்சியாளர் மெக்கல்லம்தான். அதே ஆட்டத்தில் பேர்ஸ்டோவும் மார்னஸ் லபுஷேனை இதே பாணியில் வீழ்த்த முயன்றிருந்தார்.

'ஸ்பிரிட்' என்ற சொல் தோற்றவர் வாயில் சீக்கிரம் வருகிறது. 2025 ஜூலையில் மான்செஸ்டரில் ரவீந்திர ஜடேஜாவும் வாஷிங்டன் சுந்தரும் தோல்வியில் இருந்து அணியை மீட்டு, சதத்தை நெருங்கி நின்றார்கள். பென் ஸ்டோக்ஸ் டிரா செய்து கைகுலுக்கலாம் என்றார். அவர்கள் ஒப்பவில்லை என்றதும் இங்கிலாந்துத் தரப்பில் முகச்சுளிப்பு. இரு கேப்டன்களும் ஒப்பினால்தான் ஆட்டம் முன்கூட்டியே முடியும். நாள் முழுக்க உழைத்த இருவர் தங்கள் சதத்தை எடுத்துக்கொண்டார்கள். வாஷிங்டனுக்கு அது முதல் டெஸ்ட் சதம். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஜோன்ஸ், முரளி, பேர்ஸ்டோ மூவரும் மறுமுனையில் முன்கூட்டியே நகரும் பேட்டரில் இருந்து ஒரு விதத்தில் வேறுபடுகிறார்கள். அவர்கள் எந்த ஆதாயமும் தேடவில்லை. ரன் திருடவில்லை. பந்து செத்துவிட்டது என்று நம்பினார்கள். கவனக்குறைவு உண்மைதான், விதிப்படி அவுட்டும் உண்மைதான். ஆனாலும் ஆதாயம் தேடியவரைப் பிடிப்பது நீதி. அயர்ந்தவரைப் பிடிப்பது வெறும் வெற்றி.

இதே அளவுகோல் 2023 நவம்பர் டெல்லிக்கும் பொருந்தும். உலகக் கோப்பையில் இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் களத்துக்கு வந்ததும் ஹெல்மெட்டின் வார் அறுந்தது. மாற்று ஹெல்மெட்டுக்குச் சைகை காட்டினார். இரண்டு நிமிடம் கடந்துவிட்டது என்று வங்கதேசக் கேப்டன் ஷகிப் அல் ஹசன் முறையிட, சர்வதேச கிரிக்கெட்டில் 'டைம்ட் அவுட்' ஆன முதல் ஆளானார் மேத்யூஸ். முறையீட்டைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று அம்பயர்கள் ஷகிப்பிடம் கேட்டார்கள். அவர் மறுத்தார். நேரத்தை வேண்டுமென்றே கடத்துபவருக்காக எழுதிய விதி, தலைக்கவசம் உடைந்து நின்றவர்மேல் பாய்ந்தது.

திருப்பி அழைத்தவர்கள்

1980 பிப்ரவரி, பம்பாயில் பொன்விழா டெஸ்ட். இங்கிலாந்து ஐந்து விக்கெட் இழந்து தடுமாறுகிறது. பாப் டெய்லர் கேட்ச் அவுட் என்று அம்பயர் கை உயர்த்துகிறார். பந்து மட்டையில் படவில்லை என்று டெய்லர் தயங்கி நிற்கிறார். இந்தியக் கேப்டன் குண்டப்பா விஸ்வநாத் அம்பயரிடம் பேசி அவரைத் திரும்ப ஆட அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. விஸ்வநாத் கேப்டனாக இருந்த டெஸ்ட்டுகள் இரண்டே. அதில் ஒன்றின் தோல்விதான் அவருக்கு இத்தனை மதிப்பைத் தந்திருக்கிறது.

1987 உலகக் கோப்பை, லாகூர். கடைசிப் பந்து, பாகிஸ்தானின் கடைசி ஜோடி, இரண்டு ரன் தேவை. மறுமுனையில் சலீம் ஜாஃபர் வெகுதூரம் வெளியே. கோர்ட்னி வால்ஷ் ஓடிவந்தவர் நின்றார். ஸ்டம்பைத் தட்டியிருந்தால் வெற்றி. எச்சரித்துவிட்டுத் திரும்பி நடந்தார். பாகிஸ்தான் வென்றது. வெஸ்ட் இண்டீஸ் அரையிறுதிக்குப் போகவில்லை. தட்டியிருந்தாலும் வால்ஷை நான் குறை சொல்லமாட்டேன். அது அவர் உரிமை. உரிமையை விட்டுக்கொடுப்பது யாரும் கட்டாயப்படுத்த முடியாத ஒரு கொடை. அதனால்தான் அது இன்றும் பேசப்படுகிறது.

2011 ஜூலையில் டிரென்ட் பிரிட்ஜ். பந்து எல்லையைத் தொட்டுவிட்டது என்று நினைத்து இயன் பெல் தேநீர் இடைவேளைக்கு நடந்தார். பந்து எல்லையைத் தொடவில்லை. பெயில்ஸ் தட்டப்பட்டது, 137-இல் அவுட். இங்கிலாந்து கேப்டன் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸும் பயிற்சியாளர் ஆண்டி ஃபிளவரும் இந்திய அணியின் அறைக்கு வந்து கேட்டார்கள். மகேந்திர சிங் தோனி தன் அணியினரோடு பேசி முறையீட்டைத் திரும்பப் பெற்றார். கூச்சலிட்டுக்கொண்டிருந்த அரங்கம் எழுந்து கைதட்டியது. இந்தியா அந்த டெஸ்ட்டில் 319 ரன்னில் தோற்றது. அந்தத் தோல்வியின் மறுபக்கத்தில், இந்தச் செயலுக்காக தோனிக்குக் கிடைத்த ஐ.சி.சி.யின் பத்தாண்டுக்கான ஸ்பிரிட் ஆஃப் கிரிக்கெட் விருது இருக்கிறது.

அடிபட்டவருக்காக எழுதிய விதி

நம் அணியையும் இதே தராசில் நிறுத்த வேண்டும். 2014-இல் பவுன்சர் பட்டு பிலிப் ஹியூஸ் இறந்த துயரத்துக்குப் பிறகு, தலையில் அடிபட்டவருக்கு மாற்று ஆட்டக்காரர் என்ற விதி 2019-இல் வந்தது. மாற்று வருபவர் அதே வகை ஆட்டக்காரராக இருக்க வேண்டும். 2025 ஜனவரி 31 அன்று புனேயில் ஷிவம் துபேயின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. மிதவேகம் வீசக்கூடிய பேட்டரான அவருக்குப் பதிலாக முழுநேர வேகப்பந்து வீச்சாளர் ஹர்ஷித் ராணா வந்தார். மூன்று விக்கெட் எடுத்தார். இந்தியா 15 ரன்னில் வென்றது. ஆட்ட நடுவர் அனுமதித்தார்; விதிமீறல் இல்லை. ஆனால் இங்கிலாந்து கேப்டன் பட்லர் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது. ஒரு மரணத்தில் இருந்து பிறந்த விதியை ஆதாயத்துக்கு வளைத்தால், நாளை உண்மையாகவே அடிபட்டவரையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அதே ஆண்டு ஐ.சி.சி., மாற்று ஆட்டக்காரர்களின் பெயரை ஆட்டத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்று திருத்தியது.

எல்லா ஓட்டையும் கெட்டது என்றும் சொல்லமுடியாது. 2025 மே மாதம் பாங்காக்கில் ஐக்கிய அரபு அமீரகப் பெண்கள் அணி கத்தாருக்கு எதிராக விக்கெட் இழப்பின்றி 192 எடுத்திருந்தது. மழை மிரட்டியது. டி20-யில் டிக்ளேர் செய்ய முடியாது. பத்துப் பேரும் ஒருவர்பின் ஒருவராக வந்து 'ரிட்டையர்டு அவுட்' ஆகி இன்னிங்ஸை முடித்தார்கள். கத்தார் 29-இல் ஆட்டமிழந்தது. சிலர் சிரித்தார்கள். ஆனால் கத்தாருக்கு முழு இன்னிங்ஸும் கிடைத்தது. மழை கெடுக்கவிருந்த ஆட்டத்தை அவர்கள் காப்பாற்றினார்கள். சாமர்செட் ஆட்டத்தைக் கொல்ல இன்னிங்ஸை முடித்தது. அமீரகம் ஆட்டத்தை வாழவைக்க முடித்தது. செயல் ஒன்று போலத் தோன்றினாலும் நோக்கம் இரு துருவம்.

மூன்று கேள்விகள் போதும்

இத்தனை வழக்குகளையும் பார்த்தபின் என் தீர்ப்பு இது. களத்தில் இருக்கும் கேப்டன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். இதைச் செய்தபின் எதிராளிக்கு ஆட இடம் இருக்கிறதா? நான் பிடிக்கும் ஆள் ஆதாயம் தேடினாரா, அயர்ந்துபோனாரா? இதையே நாளை எனக்குச் செய்தால் ஏற்பேனா? மூன்றுக்கும் நேர்மையான பதில் இருந்தால், யார் வைதாலும் தலைகுனிய வேண்டாம். அஸ்வினும் தீப்தியும் தலைகுனிய வேண்டியதில்லை. ரோஸும் சாப்பலும் விதிக்குள் நின்றே தோற்றவர்கள்.

விதி எழுதுபவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. குழப்பத்தை 'உணர்வு' என்ற திரையால் மூடக் கூடாது. ரன் அவுட் விவகாரத்தில் 1947-இல் எழுந்த கேள்விக்கு 2022-இல் பதில் எழுதியது மிகத் தாமதம். இடையில் எத்தனையோ நேர்மையான பந்துவீச்சாளர்கள் களங்கப்பட்டார்கள்.

நம் தெருக்களில் தனி அம்பயர் கிடையாது. பேட்டிங் அணியில் அவுட் ஆன ஒருவன்தான் அம்பயராக நிற்கிறான். 'கம்பவுண்டைத் தாண்டினா அவுட்', 'ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட்' என்று விதியை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிக்கிறார்கள். நடுவில் ஓட்டை கண்டுபிடிப்பவனை மறுநாள் யாரும் ஆட்டத்துக்குச் சேர்ப்பதில்லை. அந்தப் பிள்ளைகள் அகாடமிகளுக்குப் போகும்போது இந்த அறிவு தொலைந்துவிடக் கூடாது.

அதனால் பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வலைப்பயிற்சியில் கவர் டிரைவோடு சேர்த்து இரண்டு பழக்கங்களைச் சொல்லிக்கொடுங்கள். மறுமுனையில் நிற்கும்போது பந்து கையை விட்டுப் போகும்வரை மட்டை கிரீஸுக்குள் இருக்கட்டும். ரன் தேடாமல் அயர்ந்து வெளியே நிற்கும் எதிராளியை அவுட் ஆக்க நேர்ந்தால், அவரைத் திருப்பி அழைக்கும் துணிவு கேப்டனுக்கு இருக்கட்டும். இதற்கு லார்ட்ஸில் இருந்து புதிய விதி எதுவும் வர வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலேயே தொடங்கலாம்.